டர்போவும் கணக்கு டீச்சரும்

டர்போ வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பயம் உண்டு. ஒன்று, மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுக்காமல் போவது. இன்னொன்று, மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் உதட்டைப் பிதுக்குவது. இரண்டையும் அனுபவித்தவர்கள்தான் இதைப் படிக்க உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் டேஷ்போர்டில் இந்த நிமிஷம்கூட ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருந்தாலும் குற்றமில்லை. நானும் அதைச் செய்திருக்கிறேன்.

திண்டிவனம் பைபாஸ் ஓரம் இருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான் கணக்குப் போடுகிறேன். வரவு செலவு இல்லை, எஞ்சின் கணக்கு. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். அதில் தீப்பெட்டி அளவு கருவி ஒன்றைச் சொருகினால், வண்டி ஓடும்போது நொடிக்குப் பல தடவை எண்களைக் கொட்டும். எஞ்சின் சுற்று, காற்றழுத்தம், உள்ளே போகும் காற்றின் எடை, வெப்பம், டிரைவர் ஆக்சிலேட்டரை எவ்வளவு அமுக்கியிருக்கிறார் என்று எல்லாம் வரும். அந்த எண்களை லேப்டாப்பில் வரிசை போட்டு, கோடு வரைந்து, எது எங்கே பிசகுகிறது என்று சொல்வது என் வேலை. ஸ்பேனர் பிடிப்பது அஸ்லம் பாய். ஒர்க்‌ஷாப் அவருடையது.

சேர்ந்த கதை

விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டு டீசல் காரும் மக்கர் பண்ண ஆரம்பித்தது. என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை, லீவு கிடைக்கவில்லை. நானே ஓட்டிக்கொண்டு அஸ்லம் பாயிடம் போனேன். அவர் ஸ்கேனரை மாட்டி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். ஸ்கிரீனில் எண்கள் ஓடின. "இது என்னாத்துக்கோ ஓடுது, நமக்கு காதுதான்" என்று சொல்லி ஸ்கேனரைத் தூக்கி ஓரம் வைத்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அத்தனை எண்களை அப்படியே விட்டுவிட்டுப் போவது, திருத்தாத விடைத்தாள் கட்டை விட்டுவிட்டுப் போவது மாதிரி இருந்தது. அவரிடம் கேட்டு அந்தப் பதிவை பென்டிரைவில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கிராஃப் பேப்பர் மிச்சம் இருந்தது. சுற்று ஏற ஏற அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். சீராக ஏறவேண்டிய கோடு ஒரே இடத்தில், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், படிக்கட்டு மாதிரி நின்று ஏறியது.

மறுநாள் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். "இந்த இடத்துல ஏதோ ஒண்ணு சிக்கிக்கினு அப்புறம் விடுது பாய்" என்றேன். அவர் தாளைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் டர்போவைக் கழற்றினார். உள்ளே புகையைத் திருப்பிவிடும் சின்ன இதழ்கள் கரி பிடித்து, பாதி வழியில் இறுகி நின்றன. கழுவி மாட்டினார். வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து கையைத் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "டீச்சர், நாளைக்கி எத்தினி மணிக்கி வர்றீங்க?"

தொட்டிக் கணக்கு

வேல்முருகனுக்குக் கண்டமங்கலம். பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை. கூட வேலை செய்யும் நாலு பேரை ஏற்றிக்கொண்டு தினமும் தன் காரில் போய் வருவார். தனியாகப் போனால் வண்டி பறக்கிறது; அஞ்சு பேர் உட்கார்ந்து ரயில்வே மேம்பாலம் ஏறினால் மூச்சு வாங்குகிறது. கூட வருபவர்கள் "இறங்கித் தள்ளட்டுமா?" என்று கேலி பண்ணுகிறார்களாம். இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறார். இரண்டு பேரும் டர்போ போச்சு, புதுசு போடணும் என்று சொல்லிவிட்டார்கள். மனுஷன் முகம் வாடி எங்களிடம் வந்தார்.

பாய் வண்டியின் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டார். "டர்போ நல்லா பாடுது டீச்சர். ஆனா வேல செய்யல" என்றார். நான் கருவியைச் சொருகி, முதலில் வேல்முருகனைத் தனியாக ஓட்டச் சொன்னேன். அப்புறம் அவரையும் அவருடைய நாலு நண்பர்களையும் உட்கார வைத்து மேம்பாலத்தில் மூன்று தடவை ஏறி இறங்கச் சொன்னேன். நண்பர்கள் ரொம்ப சந்தோஷமாக ஒத்துழைத்தார்கள்.

ஏழாம் வகுப்பில் ஒரு கணக்கு வருமே, நினைவிருக்கிறதா? ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி பண்ணுகிறது என்று. அதேதான். ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சார், உள்ளே எவ்வளவு காற்று நுழைந்தது என்று சொல்லிவிடும். எஞ்சினின் கொள்ளளவு, சுற்று, அழுத்தம், வெப்பம் நான்கும் தெரிந்தால், எஞ்சின் எவ்வளவு காற்றைக் குடித்தது என்று நாம் கணக்குப் போட்டுவிடலாம். நுழைந்ததும் குடித்ததும் சமமாக இருக்கவேண்டும். வேல்முருகன் தனியாக ஓட்டியபோது சமமாகத்தான் இருந்தது. அஞ்சு பேரோடு பாலம் ஏறும்போது நுழைந்தது அதிகம், குடித்தது குறைவு. அழுத்தம் ஏற ஏற வித்தியாசமும் ஏறியது. நடுவில் எங்கோ காற்று வெளியே போகிறது. அதுவும் அழுத்தம் வந்தால் மட்டும்.

"டர்போ மேல குத்தமில்ல பாய். டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல தேடுங்க" என்றேன். பாய் அந்த ரப்பர் குழாயை ஏற்கெனவே தடவிப் பார்த்திருந்தார். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. இப்போது கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்று ஏற்றி, மேலே சோப்புத் தண்ணீர் தெளித்தார். முதலில் ஒன்றுமில்லை. காற்றைக் கூட்டியதும், வளைவுக்கு அடியில் ஒரு விரல் நீளத்துக்குக் குழாய் வாயைத் திறந்து குமிழி குமிழியாகக் கக்கியது. காற்றை நிறுத்தியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி மூடிக்கொண்டது. டர்போவை மாற்றவே இல்லை. குழாய் ஒன்றுதான் மாறியது. வேல்முருகன் அந்தப் பழைய குழாயைக் கையில் வாங்கிப் பிதுக்கிப் பிதுக்கிப் பார்த்தார். "அப்ப இத்தினி நாளா டீசலப் போட்டு பாண்டி ரோட்டுக்கு விசிறிக்கினு இருந்தேனா மேடம்?"

ஊருக்குச் சொந்தமான காற்று

வெற்றிக் கதைகளை மட்டும் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நம்பவும் கூடாது. சேர்ந்த இரண்டாவது மாதம் நான் அடித்த கூத்து இது. விழுப்புரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் சாதாரண சர்வீஸுக்கு வண்டி விட்டிருந்தார். எண்களைப் பார்த்தேன். டர்போ அழுத்தம், புத்தகத்தில் போட்டிருப்பதைப் போல இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் இருந்தது. பாய் சாப்பிடப் போயிருந்தார். அவர் வரும்வரை பொறுக்காமல், ஜவுளிக்கடைக்காரருக்கு போன் பண்ணி, "சார், இந்த வண்டிய எடுக்கவே எடுக்காதீங்க, எஞ்சின் வெடிச்சாலும் வெடிக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவர் அன்று சாயங்காலம் மயிலத்தில் தங்கை கல்யாணத்துக்குப் போகவேண்டியவர். பயந்துபோய் வாடகை வண்டி பிடித்துக் குடும்பத்தோடு போனார்.

பாய் வந்தார். சொன்னேன். அவர் முள் வைத்த பழைய மீட்டரைக் குழாயில் மாட்டி வண்டியை முறுக்கினார். முள் எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நின்றது. எஞ்சினை அணைத்தார். "இப்ப உங்க லேப்டாப்புல எவ்ளோ?" என்று கேட்டார். நூறு காட்டியது, கிலோபாஸ்கல் கணக்கில். எஞ்சின் நின்றிருக்கிறது, டர்போ நின்றிருக்கிறது, அப்போதும் நூறு. எனக்கு உடனே புரிந்துவிட்டது. நம் எல்லார் தலை மேலும் அழுத்திக்கொண்டிருக்கிற காற்றின் அழுத்தம் அது. என் கருவி அதையும் சேர்த்துக் காட்டுகிறது. புத்தகத்தில் போட்டிருப்பது அதைக் கழித்தது. கழித்தல் கணக்கை மறந்த கணக்கு டீச்சர் நான். கல்யாணம் முடிந்து ஜவுளிக்கடைக்காரர் திரும்பியதும் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கல்யாண லட்டு கொடுத்து அனுப்பினார். இப்போதும் எந்த வண்டியானாலும் எஞ்சினைப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை எண்ணைப் படித்து எழுதிவிட்டுத்தான் மற்றது. பாய் அன்று சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. மீட்டரைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அந்த நூறு ஊருக்கே சொந்தமான காத்து டீச்சர், அத்தப் போயி பாவம் டர்போ தலையில கட்டறீங்களே!"

விளக்கம்

மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டைகளை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வந்த ஒரு விவசாயி, தன் வண்டி வேலை முடியும்வரை என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். "எல்லாரும் டர்போ டர்போன்றாங்களே, அது இன்னாம்மா?" என்று கேட்டார். பத்து வருடம் பாடம் நடத்திய வாய் சும்மா இருக்குமா? எஞ்சினில் எரிந்து முடிந்த புகை வெளியே போகிறது, போகிற வழியில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகிறது, அந்தச் சக்கரத்தின் மறுபக்கம் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அமுக்குகிறது, அதனால்தான் சின்ன எஞ்சின் பெரிய எஞ்சின் வேலையைச் செய்கிறது என்று சொன்னேன். அவர் கண்ணை மூடி யோசித்தார். அதற்குமேல் அழகாக ஒருவர் டர்போவைச் சுருக்கிச் சொல்லி நான் கேட்டதில்லை: "வெளிய போறவனக்கூட ஒரு வேல வாங்கிக்கினுதான் அனுப்புது, எங்க மாமியாரு வூடு மாதிரி."

அமாவாசைக் கோளாறு

குமார் விழுப்புரத்துக்காரர். சொந்தமாக ஒரு டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். மாதா மாதம் அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டம் ஏற்றிப்போவார். அவருடைய புகார் என்னைத் திடுக்கிட வைத்தது. வேன் அமாவாசை அன்றைக்கு மட்டும் சக்தி இழக்கிறதாம். மற்ற நாள் கல்யாணத்துக்குப் போகிறது, மெட்ராஸுக்குப் போகிறது, ஒரு குறையும் இல்லை. அமாவாசை வந்தால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது, வண்டி அமுங்கிவிடுகிறது. பூசணிக்காய் உடைத்துப் பார்த்திருக்கிறார், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிப் பார்த்திருக்கிறார். "அம்மாவுக்கு எம்மேல இன்னா கோவம்னு தெரியல மேடம்" என்று உண்மையாகவே வருந்திச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. ஒரு விஷயம் ஒரே நாளில் திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால், கணக்குக்கு அதைவிட நல்ல தடயம் கிடையாது.

கருவியை வேனிலேயே விட்டுவைத்தேன். நடுவில் இரண்டு அமாவாசை வந்து போயிற்று. டர்போ அமுக்கும்போது காற்று சூடாகும். அதை ஆற்றுவதற்காக முன்பக்கம் ஒரு கூலர் இருக்கிறது. கூலரைத் தாண்டி வரும் காற்றின் சூட்டிலிருந்து வெளிக்காற்றின் சூட்டைக் கழித்து, நாள்வாரியாகக் கோடு போட்டேன். மற்ற நாட்களில் வித்தியாசம் கொஞ்சம்தான். இரண்டு அமாவாசையிலும் எகிறி நின்றது. கூட்டத்தில் ஊர்வதால் இருக்கும் என்று பாய் சொன்னார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் காலையில் விழுப்புரத்தை விட்டுக் கிளம்பி, காலி ரோட்டில் நல்ல வேகத்தில் போகும்போதே சூடு ஏறிவிட்டிருக்கிறது. அப்படியானால் கூட்டம் காரணமில்லை. கிளம்புவதற்கு முன்னாலேயே ஏதோ நடக்கிறது.

அடுத்த அமாவாசை காலையில் நானும் பாயும் குமாரின் வேன் கிளம்பும் இடத்துக்குப் போய் நின்றோம். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. வேனின் முன்பக்கம் முழுக்க அங்காளம்மன் படம் போட்ட பிளெக்ஸ் பேனர், அதைச் சுற்றிலும் அடர்த்தியாக வேப்பிலைக் கொத்து. காற்று நுழைய ஊசி முனை அளவு இடமில்லை. பாய் என்னைப் பார்த்தார். இதை அவர் வாயால் சொல்லமுடியாது என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. நான்தான் குமாரைத் தனியாகக் கூப்பிட்டு, வண்டி மூச்சு விடும் இடம் அதுதான் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பேனரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தானே அவிழ்த்தார். கூரை மேலே நிமிர்த்திக் கட்டினார். அன்றைக்குப் போய்வந்த வேனில் விளக்கு எரியவில்லை, அடுத்த அமாவாசையிலும் எரியவில்லை. அதைச் சொல்லத் திருநீறோடும் குங்குமத்தோடும் நேரில் வந்தார். "கோவம்லாம் ஒண்ணுமில்ல மேடம், மேல உக்கார்ந்தா அவங்களுக்கும் ரோடு நல்லா தெரியுதுல்ல!"

வகுப்புக்கு வெளியே நின்றவன்

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு இளைஞன், பளபளவென்று ஒரு டர்போ பெட்ரோல் காரில் வந்து இறங்கினான். இறங்கியவன் என்னைப் பார்த்ததும் கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு நேராக நின்றான். தினேஷ். பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. எஞ்சினின் புரோகிராமை ஒரு இடத்தில் மாற்றி எழுதி வாங்கியிருக்கிறான். நாற்பது குதிரைத்திறன் கூடும் என்று சொன்னார்களாம். கூடிய மாதிரியும் இருக்கிறது, கூடாத மாதிரியும் இருக்கிறது. உறுதியாகத் தெரியவேண்டும் என்று வந்திருக்கிறான்.

எஞ்சின் திறனை அளக்கிற பெரிய மெஷின் திண்டிவனத்தில் கிடையாது. ஆனால் நேர் ரோடு இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது. ரைஸ்மில் எடைமேடையில், நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தபடியே காரை எடை போட்டோம். பெருமுக்கல் பக்கம் வண்டி நடமாட்டம் இல்லாத ஒரு நீளமான ரோட்டில், பாய் ஓட்ட, மூன்றாவது கியரிலேயே வேகம் ஏற்றினோம். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. காற்றும் மேடும் எந்தப் பக்கம் உதவினாலும் சராசரியில் கழிந்துவிடும். அப்புறம் நியூட்ரலில் விட்டு, வேகம் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று பார்த்தோம். எதிர்க்காற்றும் டயரும் எவ்வளவு தின்கின்றன என்பது அதில் தெரிந்துவிடும். எடையை முடுக்கத்தால் பெருக்கி, தின்றதைக் கூட்டி, வேகத்தால் பெருக்கினால் சக்கரத்துக்கு வந்த திறன். புரோகிராம் மாற்றாத இதே மாடல் கார் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம் இருந்தது. அதையும் கேட்டு வாங்கி, அதே ரோட்டில் அதே மாதிரி ஓட்டினோம்.

கூடியது பதிமூன்று. மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன், அதேதான் வந்தது. தினேஷ் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் என் லேப்டாப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் "இது எப்படி வந்துச்சு?" என்று கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டான். எனக்கு உள்ளுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பத்தாம் வகுப்பில் இவன், "இதெல்லாம் எதுக்கு டீச்சர் உதவும்?" என்று கேட்டான். பாடத்தை முடிக்கிற அவசரத்தில் எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைக் காட்டிக்கொள்ளாமல், திமிர் என்று சொல்லி அவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். அதை அவனிடம் நானே சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவன் சிரித்தான். "இத அன்னிக்கே காட்டியிருந்தீங்கன்னா, வெளிய போன்னாலும் போயிருக்க மாட்டேன் டீச்சர்."

ஜோசப்பின் கால்

இந்த வேலையில் எனக்குப் பெரிய பெருமை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். எங்கள் பக்கம் ஒரு டிரஸ்ட் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறது. அதன் டிரைவர் ஜோசப், பன்னிரண்டு வருட சர்வீஸ். ஒரு பிரசவ கேஸைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகும்போது வழியில் வண்டி ஊர்ந்திருக்கிறது. தாயும் குழந்தையும் பிழைத்துவிட்டார்கள். ஆனால் கூட வந்தவர்கள், டிரைவர் அலட்சியமாக ஓட்டினார் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வண்டி இழுக்கவில்லை என்று ஜோசப் சொன்னார். வண்டியை வழக்கமாகப் பார்க்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஓட்டிப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான், ஜோசப் பொய் சொல்கிறார் என்று ஆகிவிட்டது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மாதக் கடைசியோடு வேலை முடிந்தது என்பது மாதிரி பேச்சு. ஜோசப் எங்களிடம் வந்து நின்றபோது முகம் சவரம் பண்ணாமல் இருந்தது. "வேல போனா போவுது மேடம். அந்தப் பொண்ணு வலியில கத்தும்போது நான் வேணும்னே மெதுவா ஓட்டினேன்னு சொல்றாங்களே, அதான்" என்றார்.

பாய் ஆம்புலன்ஸை ஓட்டிப் பார்த்தார். அருமையாக இழுத்தது. எனக்கும் அன்றைய எண்களில் ஒரு குறையும் தெரியவில்லை. டிரஸ்ட் அலுவலகத்தில் ஜோசப்பே போய்க் கேட்டு அனுமதி வாங்கினார். ஒன்பது நாள் கருவி வண்டியிலேயே இருந்தது. லட்சக்கணக்கில் வரிகள் வந்தன. அத்தனை வரியிடமும் நான் ஒரே கேள்விதான் கேட்டேன்: ஆக்சிலேட்டரை முழுசாக அமுக்கியபின் எத்தனை நொடியில் காற்று வருகிறது? கிட்டத்தட்ட எல்லா தடவையும் இரண்டு நொடிக்குள் வந்துவிட்டது. ஏழே ஏழு தடவை மட்டும் கூட்டத்தைவிட்டுத் தள்ளி நின்றது: ஏழு நொடி, ஒன்பது நொடி, ஒரு தடவை பதினொரு நொடி. ஆம்புலன்ஸில் பதினொரு நொடி என்றால் எவ்வளவு என்று கூட உட்கார்ந்து போனவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த ஏழுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடினேன். வேகம் இல்லை, கியர் இல்லை, ஏற்றம் இல்லை. கடைசியில் கிடைத்தது: ஏழும், வண்டி முக்கால் மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓடியபின் நடந்தவை. முதல் அரை மணியில் ஒரு தடவைகூட இல்லை. சோதனை பண்ணியவர்கள் எல்லாரும், நாங்களும் சேர்த்துத்தான், கால் மணி நேரம் ஓட்டிவிட்டு நல்ல வண்டி என்று சொல்லியிருக்கிறோம்! அடுத்த நாள் விக்கிரவாண்டி டோல்கேட் வரை போய் நிற்காமல் திரும்பி, இன்னொரு ரவுண்டும் அடித்து, எஞ்சின் கொதிக்கக் கொதிக்க பாய் பானெட்டைத் திறந்தார். டர்போவின் இதழ்களை அசைக்கிற டப்பாவுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று, சூட்டில் தொளதொளத்து, உறிஞ்சும்போது தன்னைத்தானே ஒட்டிக்கொண்டு அடைத்துக்கொண்டிருந்தது. ஆறிய வண்டியில் அது விறைப்பாக, நல்ல பிள்ளையாக நிற்கும். ஒரு ஜாண் நீளம் இருந்தால் அதிகம். "பேஜாரு புடிச்ச குழாய், ஒரு மனுசன் பேரையே கெடுத்துச்சே" என்று பாய் அதை அறுத்து என் மேஜையில் போட்டார்.

ஒரே ஒரு தாளில் இரண்டு கோடு வரைந்தேன். சிவப்பு, ஜோசப்பின் கால். நீலம், எஞ்சினுக்கு வந்த காற்று. சிவப்பு உச்சிக்குப் போய் அங்கேயே நிற்கிறது. நீலம் பதினொரு நொடி தரையில் கிடக்கிறது. அதையும் அந்தக் குழாயையும் எடுத்துக்கொண்டு ஜோசப்போடு டிரஸ்ட் அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இது நீங்க சொல்றதா, வண்டி சொல்றதா?" என்று கேட்டார். "வண்டி சொல்றது சார். நான் கோடு மட்டும்தான் போட்டேன்" என்றேன். அவர் எழுந்து வந்து ஜோசப்பின் தோளைத் தொட்டார். கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக எங்கள் எதிரிலேயே டைப் அடிக்கச் சொன்னார். புகார் கொடுத்த குடும்பத்துக்கும் இதைத் தெரியப்படுத்தச் சொன்னார்.

வெளியே வந்ததும் ஜோசப் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஆம்புலன்ஸ் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். கூப்பிட்டார். "பன்னெண்டு வருசமா என் வாயி சொன்னத நம்புனாங்க மேடம், ஒரு நாளு நம்பல. என் காலு சொன்னத நீங்கதான் படிச்சிக் காட்டுனீங்க."

புது போர்டு

அதற்கப்புறம் பாய்க்கு ஒரு ஆசை வந்து, ஒர்க்‌ஷாப் போர்டைப் புதுசாக எழுத வைத்தார். 'டர்போ, பம்பு வேலைகள் செய்யப்படும்' என்பதற்குக் கீழே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், 'எம்.எஸ்ஸி. கணக்கு டீச்சர் உண்டு' என்று சிவப்பில் எழுதச் சொல்லிவிட்டார். காலையில் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இரண்டாவது தடவை நின்று படிக்கவேண்டும்போலவும் இருந்தது. படித்தேன். அந்த வாரமே ஒரு அம்மா, பிளஸ் டூ படிக்கும் மகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, ஜாக்கியையும் டயரையும் தாண்டி நேராக என் மேஜைக்கு வந்தார். டியூஷன் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு, போர்டைத் திரும்பிப் பார்த்தபடி தயக்கத்தோடு அடுத்த சந்தேகத்தைக் கேட்டார்: "இந்த டர்போ எத்தினாவது பாடம் மேடம்? இவ ஸ்கூல்ல இன்னும் அத்த நடத்தலயாம்."

மொத்தத்தில், பத்து வருடம் கரும்பலகையில் நான் சரியாகப் போட்ட கணக்குகளுக்கு ஒருவரும் வந்து நன்றி சொன்னதில்லை. இங்கே சொல்கிறார்கள், என்ன, எஞ்சினை அணைக்காமலே சொல்வதால் பாதி காதில் விழுவதில்லை.